திரைப்படம் பார்த்த பிறகு ‘ஹாபிட்’ கதைக்குச் சொந்தமாகப் படம் வரைய முடியுமா?

கேட்டவரின் சிக்கல் இது: ஆங்கில எழுத்தாளர் டோல்கியனின் மாயக்கதைகளான ‘ஹாபிட்’, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இரண்டும் அவருக்கு உயிர். வரையலாம் என்று உட்கார்ந்தால் திரைப்படத்தில் வந்த முகங்களும் கோட்டைகளும்தான் தாளில் வந்து நிற்கின்றன. சொந்தமாக வரைய என்ன வழி, எந்தக் காட்சியில் தொடங்குவது, வரைந்ததை விற்கலாமா?

சொந்தமாக வரைய முடியும். நான் மதுரையில் இருந்துகொண்டு பல வருடமாக இந்த இரண்டு கதைகளுக்கும்தான் வரைந்துவருகிறேன். புத்தகத்தில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே விட்டுவிடுங்கள். எழுதாமல் விட்டதை உங்கள் ஊரில் நீங்கள் தொட்டுப் பார்த்த கல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுங்கள். என் வழி இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்யப் பொறுமை வேண்டும்.

திரைப்படம் மனசில் இவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. பீட்டர் ஜாக்சன் எடுத்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தின் மூன்று பாகங்கள் 2001 முதல் 2003 வரை வெளிவந்தன. டோல்கியன் கதைகளுக்கு முன்பிருந்தே வரைந்துவந்த ஆலன் லீ, ஜான் ஹோ இருவரையும் நியூசிலாந்துக்கு வரவழைத்து, அவர்கள் வரைந்ததை வைத்துத்தான் அந்த உலகத்தைக் கட்டினார்கள். நாம் திரையில் பார்த்தது இரண்டு பெரிய ஓவியர்கள் அந்தக் கதையைப் படித்த விதம். லீ இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் வாழ்ந்தவர். அவர் படத்தில் வரும் பாசி பிடித்த மரமும் ஈரக் கல்லும் அவர் தினம் நடந்த வழியில் இருந்தவை. அவருடைய நீர்வண்ணப் படங்களை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ஈரம் அவருக்குத் தெரிந்த ஈரம். அதை நான் நகல் எடுத்தால் என் கோட்டில் உயிர் இருக்காது.

தமிழ் வாசகருக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் போட்ட முகம்தான், வேறு முகம் ஒட்டவே ஒட்டாது. ஒரு நல்ல ஓவியம் வாசகரின் மனசில் வேறு எதற்கும் இடம் விடாமல் உட்கார்ந்துகொள்ளும்.

டோல்கியனுக்கே இந்தக் கவலை இருந்தது. மாயக்கதைகளைப் பற்றி 1939-இல் அவர் ஆற்றிய உரை பிறகு கட்டுரையாக வந்தது. அதில், படங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வகைக் கதைகளுக்குப் பெரிதாக நன்மை செய்வதில்லை என்கிறார். ஒருவன் குன்றில் ஏறி, கீழே பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றைப் பார்த்தான் என்று கதை சொன்னால், படிக்கிற ஒவ்வொருவரும் தான் இதுவரை பார்த்த குன்றுகளையும் ஆறுகளையும் வைத்து, அதிலும் குன்று என்றால் இதுதான் என்று தனக்கு முதன்முதலில் காட்டிய குன்றை வைத்து, மனசுக்குள் ஒன்றைக் கட்டிக்கொள்கிறார் என்பது அவர் வாதம். அதைப் படித்த அன்று எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. எனக்கு அந்த முதல் குன்று நாகமலை. முதல் ஆறு வைகை, அதுவும் பெரும்பாலும் மணலாகத் தெரியும் வைகை. இதை வைத்துக்கொண்டு, இந்தக் கதைகள் நடக்கும் மத்திய உலகத்தை நான் வரையலாம் என்பதற்கு அந்த ஆசிரியரே இடம் கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தனை சொன்ன அவரும் வரைந்தவர்தான். 1937 செப்டம்பரில் ‘ஹாபிட்’ வெளிவந்தபோது அதில் இருந்த கறுப்பு வெள்ளைப் படங்களும் வரைபடங்களும் அவர் கையால் போட்டவை. அவற்றில் பெரும்பாலும் இடங்கள்தான் இருக்கும்: மலை, காடு, வாசல், ஆறு. ஆட்கள் இருந்தால் சின்னதாக எங்கோ நிற்பார்கள். முகத்தை வாசகரிடமே விட்டுவிட்டார். நீங்களும் முதலில் முகத்தை விட்டுவிடுங்கள். திரைப்படம் நம்மைப் பிடித்து வைத்திருப்பது முதலில் நடிகர்களின் முகத்தால்தான்.

அவரும் தான் பார்த்ததிலிருந்தே எடுத்தார். ‘ஹாபிட்’ கதையின் நாயகன் பில்போ மூடுபனி மலைகளைக் கடக்கும் பயணத்துக்கு 1911-இல் இளைஞனாக சுவிட்சர்லாந்து மலைகளில் நடந்தது அடிப்படை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். பில்போ கழுகுக்கூட்டில் கண் விழிக்கும் படத்தில் உள்ள கழுகை, ஒரு பறவை நூலில் இருந்த படத்தைப் பார்த்துப் போட்டார்.

இனி என் ஊருக்கு வருகிறேன். ‘ஹாபிட்’ கதையில் டிராகன் புதையலோடு கிடக்கும் தனித்த மலையான எரபோரை வரைய எனக்குத் துணை யானைமலை. ஒத்தக்கடைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சுற்றிலும் வயலும் வீடுமாகத் தட்டையாகக் கிடக்கும் நிலத்தில் ஒரே பாறையாக அது படுத்திருக்கும். கூட்டமாக நிற்கும் மலைகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். தனி மலையின் நிழல் அப்படி இல்லை. சாயங்காலம் அது கிழக்கே நீண்டு வயல்மேல் ஊர்ந்து போவதைக் கண்ணால் பின்தொடரலாம். அந்த நிழல் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் எரபோரின் உருவம் யானைமலை உருவம் ஆகிவிடக் கூடாது. அதன் தெற்கே பெரிய வாசல், அங்கிருந்து புறப்படும் ஆறு, மேற்குச் சரிவில் மறைவாசல் என்று ஆசிரியர் வரைபடமே கொடுத்திருக்கிறார். உருவம் அங்கிருந்து வர வேண்டும். பாறையின் தோல், அதில் மழைத்தண்ணீர் வழிந்து உண்டான கறுப்புக் கோடுகள், வெடிப்பு ஓடும் திசை, இவை யானைமலையிலிருந்து வரட்டும். என் அக்கா மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, டிராகன் நம்ம ஆனமலைக்குள்ளயா இருக்கு?” என்று கேட்டான். “இல்லடா, அது வேற தேசத்து மலை. பாறை மட்டும் நம்மூர்ப் பாறை” என்றேன். உங்கள் கேள்விக்கும் என் பதில் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி அந்த மறைவாசல் திறக்கும் இடம். இலையுதிர் காலத்தின் கடைசியில், வாசல் திறக்கும் என்று சொல்லப்பட்ட டூரின் நாள். எரபோரைத் திரும்பப் பெற வந்த குள்ளர்கள் நம்பிக்கை இழந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேகத்தின் கிழிசல் வழியாகக் கடைசிச் சிவப்பு ஒளி ஒன்று வந்து பாறைமேல் விழுகிறது. ஒரு சில்லு உதிர்கிறது. தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் சாவித்துளை தெரிகிறது. இதை வரைய வேண்டுமானால் சாயங்கால வெளிச்சம் பாறையை என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே கீழக்குயில்குடிக்குப் போய் சமணர் மலையின் மேற்குப் பக்கப் பாறைகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். உச்சி வெயிலில் பாறை தட்டையாக, ஒரே வெளுப்பாக இருக்கும். சூரியன் இறங்கி வெளிச்சம் பக்கவாட்டில் உரசத் தொடங்கியதும் அதுவரை கண்ணில் படாத உளித்தடம், குழி, விளிம்பு எல்லாம் தலைதூக்கும். சில நிமிடம்தான், மறுபடியும் அடங்கிவிடும். பாறையோடு பாறையாக இருந்த கதவு அந்த ஒரு நேரத்தில் மட்டும் தன்னைக் காட்டும் என்பது மந்திரமாக இருக்கலாம். ஆனால் கல்லின் இயல்பும் அதற்கு ஒத்துத்தான் போகிறது. இதைக் கண்ணால் கண்ட பிறகுதான் அந்தப் பக்கத்தை எழுதியவர் கல்லை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

குள்ளர்கள் கல்லைக் குடைந்து வாழ்பவர்கள். அப்படி வாழ்ந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க நமக்குச் சமணத் துறவிகள் தங்கிய குகைகளான சமணர் படுக்கைகள் இருக்கின்றன. கொங்கர் புளியங்குளத்திலும் அரிட்டாபட்டியிலும் குகை முகப்பில் பாறையின் நெற்றியை நீளமாக வெட்டிவிட்டிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைத்தண்ணீர் அந்த வெட்டில் தடைபட்டு வெளியே சொட்டும், உள்ளே வராது. அதன் கீழே தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து. உள்ளே வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள், தலைமாட்டில் கொஞ்சம் உயர்த்தி. கல்லில் குடியிருக்கப் போகிறவன் முதலில் தண்ணீரைத்தான் யோசிப்பான் என்பதை அந்த வெட்டு எனக்குச் சொன்னது. எரபோரின் பெரிய வாசலுக்கு மேல் அப்படி ஒரு வெட்டு போட்டேன். புத்தகம் அதைச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. மறைவாசலுக்கு மேல் போடவில்லை, அங்கே ஒரு கோடு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் வரும் குள்ளர்களின் நிலத்தடி நகரமான மோரியாவின் இரண்டாம் மண்டபத்தில் தூண்கள் பெரிய மரங்களின் அடிமரம் போலச் செதுக்கப்பட்டு, கிளைகள் கல்லாகவே கூரையைத் தாங்கும். தூண்கள் வழவழப்பாகக் கறுத்திருக்கும், நெருப்பின் சிவப்பு அவற்றின் பக்கங்களில் மங்கலாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். இதற்கு எனக்கு இரண்டு இடம். உருண்டைத் தூணில் வெளிச்சம் எப்படிச் சுற்றிப்போய் இருட்டாகிறது என்று பார்க்கத் திருமலை நாயக்கர் மகால். சுண்ணச்சாந்து பூசிய பருத்த தூண்கள், முற்றத்து வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும். கறுத்த கல்லில் விளக்கு எப்படிப் பிரதிபலிக்கும் என்று பார்க்க மீனாட்சியம்மன் கோயிலின் உட்பிராகாரம். வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரியில் தீ விபத்து நடந்த பிறகு கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. வரைய விரும்புகிறவருக்கு அதனால் நன்மைதான். நின்று பார்த்து, மனசில் வாங்கி, வெளியே சித்திரை வீதியில் உட்கார்ந்து போட வேண்டும். மறந்ததெல்லாம் தேவையில்லாதது என்று விட்டுவிடலாம். ஆயிரங்கால் மண்டபத்து யாளிகளை மட்டும் மோரியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆசை வரும். யாளி நம் சிற்பிகளின் கற்பனை, அதற்கு அதன் இடம் உண்டு. குள்ளர் மண்டபத்தில் வைத்தால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. ஹாபிட்களின் ஊரான ஷையரில் பனைமரம் நிற்பதும் அப்படித்தான்.

எரபோரின் டிராகனான ஸ்மாக் விஷயத்திலும் யாளி வழி வேண்டாம். செம்பொன் நிறம், புதையல்மேல் சற்று ஒருக்களித்த படுக்கை, பெரிய வௌவாலுடையதைப் போல மடிந்த சிறகு, வெளிர் வயிற்றில் ஒட்டிய மணிகள் என்று புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. அப்படியானால் பார்க்க வேண்டியது வௌவாலை. ஆலமரத்தில் பகலில் தொங்கும் பழந்தின்னியைக் கவனியுங்கள். அதன் சிறகு ஒரு கை. கட்டைவிரல் நகத்தோடு தனியாக நிற்கும், மற்ற நான்கு விரல்களும் நீண்டு தோலைத் தாங்கும். மடக்கும்போது விரல்கள் சேர்ந்து முழங்கையோடு படியும். இது தெரியாமல் போட்ட டிராகன் சிறகு முதுகில் ஒட்டவைத்த அட்டை மாதிரிதான் இருக்கும். தோலுக்கும் கழுத்து மடிப்புக்கும் உடும்பு இருக்கிறது.

சொல்லாமல் விட்ட இடத்தில் ஓவியர் புகுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் அழகான சம்பவம் உண்டு. ‘ஹாபிட்’டின் ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பு 1962-இல் வந்தபோது பின்லாந்து ஓவியரும் எழுத்தாளருமான தூவே யான்சன் படம் போட்டார். அதில், மலைக்கடியில் ஏரியில் வாழும் கோல்லம் பில்போவைவிட மிகப் பெரிய உருவமாக நிற்கும். அவர் கதையை மீறவில்லை, கோல்லம் எவ்வளவு பெரியவன் என்று அப்போது அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. பின்னால் வந்த பதிப்பில் டோல்கியன் ‘சிறிய’ என்ற சொல்லைச் சேர்த்தார். அதனால்தான் சொல்கிறேன், வரைவதற்கு முன் அந்த அத்தியாயத்தைப் பென்சிலோடு படியுங்கள். சொன்னதை ஒரு பக்கம், சொல்லாததை ஒரு பக்கம் எழுதுங்கள். மோரியாவில் வரும் நெருப்புப் பூதமான பால்ரோகுக்குச் சிறகு உண்டா என்று வாசகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். முதலில் நிழல் இரண்டு பெரிய சிறகுகளைப் போல விரிந்தது என்கிறார், அப்புறம் சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்கிறார். நான் நிழலை மட்டும் போடுவேன். நீங்கள் சிறகு போட்டால் அதற்கும் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது.

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பு மை, தொட்டு எழுதும் நிப் பேனா, கெட்டித் தாள் போதும். நீர்வண்ணம் போடுவதாக இருந்தால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளுக்குக் குறைய வேண்டாம். நம்மூர் சித்திரை, வைகாசி வெயிலில் வண்ணம் பரவுவதற்கு முன்பே காய்ந்து ஓரம் கட்டிவிடும். விடியற்காலையில் உட்காருங்கள், தாளின் இரண்டு பக்கமும் நனைத்துக்கொள்ளுங்கள்.

விற்பது பற்றி: டோல்கியன் 1973-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை, அதாவது 2033 முடியும் வரை. அதுவரை உரிமையாளரின் அனுமதி இல்லாமல் விற்பது சரியில்லை. கதையில் வரும் பெயர்கள் பல வணிகக் குறியாகவும் பதிவாகியிருக்கின்றன. வீட்டுச் சுவரில் மாட்ட, நண்பருக்குக் கொடுக்க வரையுங்கள், அதற்கே ஒரு ஆயுள் போதாது.

எந்தக் காட்சியில் தொடங்குவது என்றால், மூடுபனி மலைகளுக்கு அடியில் உள்ள ஏரியில் பில்போவும் கோல்லமும் விடுகதை போடும் அத்தியாயம். முகம் தெரிய வேண்டியதில்லை. குளிர்ந்த கருந்தண்ணீர், ஒரு சின்னப் படகு, வெளிறிய இரண்டு வட்டக் கண்கள், பில்போவின் கத்தியிலிருந்து வரும் மங்கல் ஒளி. தாளில் முக்கால் பங்கு கறுப்பு மையாகவே இருக்கும், கண்ணுக்கும் கத்திக்கும் உரிய வெள்ளையை முதலிலேயே பென்சிலால் குறித்து விட்டுவிட வேண்டும். கறுப்பிலும் ஏற்ற இறக்கம் வேண்டும்: தண்ணீருக்குப் படுக்கைக் கோடு, பாறைக்கு வெட்டுக் கோடு. புத்தகத்தைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு வரையுங்கள்.