வண்ணப் பனைகள்: நம்ம விளையில் நிற்குமா?

குமரி மாவட்டத்து மாறாமலை அடிவாரத்தில் ஒரு விளையில், அதாவது தோட்டத்தில், பல வருடமாக நிறப் பனைகளோடு (பச்சை தவிர வேறு நிறமும் காட்டும் அழகுப் பனைகள்) மல்லுக்கட்டுகிற ஆள் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லப்போய் கேள்விகள் குவிந்துவிட்டன. கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் ஊரைப் போட்டிருக்கிறேன். தென்னை விலை, வாழைக்கு உரம் எல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

குலசேகரம்: அண்ணே, எங்க பக்கம் நல்ல மழை, சாரல். நிறமா ஒரு பனை வைக்கணும். எதில் ஆரம்பிக்க?

சேம்பெரோனியா மேக்ரோகார்பா. நியூ கலிடோனியா தீவுக்காரன். பார்க்க நம்ம கமுகு மாதிரியே இருக்கும், ஆனால் புதுக்குருத்து விரியும்போது இலை முழுக்கச் சிவப்பு. ஏறக்குறைய பத்து நாள் அந்தச் சிவப்பு நிற்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைக்கு மாறிவிடும். வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய இலைகள்தான் விடும் என்பதால், குருத்து விரிகிற வாரம் எங்கள் வீட்டில் கல்யாணக் களை. எல்லா மரமும் ஒரே அளவுக்குச் சிவக்காது, சிலது சும்மா வெண்கல நிறத்தோடு நின்றுவிடும், அது விதையின் குணம், உரம் போட்டு மாற்ற முடியாது. முடிந்தால் நர்சரியில் புதுக்குருத்து விட்டிருக்கும் கன்றையே பார்த்து வாங்குங்கள். குளிர்ந்த ஈரக்காற்று இதற்குப் பிடிக்கும், வேர் காய்வது மட்டும் ஆகாது. இடவப்பாதி மழை (ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழை) தொடங்கினதும் நட்டால் ஐப்பசி மழையும் கிடைத்துவிடும், கோடை வருவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். நடும்போது வேர் மண்ணை உதறாதீர்கள். கவரைக் கிழித்து மண்கட்டியோடு அப்படியே குழியில் இறக்குங்கள்.

நாகர்கோவில்: லிப்ஸ்டிக் பனை வாங்கி ஒரு வருடம் ஆகுது சார், சிவப்பே வரலை. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. சின்னக் கன்று பச்சையாகத்தான் இருக்கும். மட்டைகள் ஒன்றையொன்று சுற்றிக் குழாயாக நிற்கிற இடம் இருக்கிறதே, கமுகில் பாளைக்கு மேலே பச்சையாகத் தெரியுமே, அதை நான் கழுத்து என்பேன். அந்தக் கழுத்து உருவான பிறகுதான் சிவப்பு. மலேசியா, சுமத்ரா, போர்னியோ சதுப்புக் காட்டு மரம் இது, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிற்க வைத்தாலும் கோபிக்காது. நல்ல வெளிச்சம் கொடுங்கள், இரண்டு மூன்று வருடம் பொறுங்கள். பக்கக்கன்றைப் பிரிக்க ஆசைப்பட்டு ஒரே வெட்டில் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் செத்துப்போகும். பாதி வெட்டி விட்டுவிட்டு, சில மாதம் கழித்துத் தனி வேர் விட்டபின் எடுக்க வேண்டும். வேரை உதறக் கூடாது.

மார்த்தாண்டம்: ரப்பர் மரத்துக்கு அடியில் நிழல் பனை வைக்கலாம்தானே?

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். போர்னியோவின் லிக்குவாலா மாப்பு, இலையில் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் போட்ட மாதிரி இருக்கும், அதை ரப்பர் நிழலில் வைத்தேன். டிசம்பர் வரை ராஜாவாக நின்றது. தை மாசி ஆனதும் ரப்பர் இலை உதிர்க்கிறது, அதுவும் மழையே இல்லாத நேரத்தில். காலை பத்து மணி வெயில் நேராக இறங்கி, நான்கு இலையில் மூன்று பழுப்புத்தாளாகிவிட்டது. பலா, மா, கிராம்பு என்று இலை உதிராத மரத்தடியே நல்லது. ரப்பர்தான் இருக்கிறதென்றால் அந்த இரண்டு மாதத்துக்குத் தென்னோலை மறைப்புக் கட்டுங்கள்.

ஆரல்வாய்மொழி: இங்க காத்து ஜாஸ்தி. என்ன வைக்க?

காற்றாலைக்காரர்களே தேடி வந்த கணவாய் அது. மெல்லிய அகல இலைப் பனை எதுவும் வேண்டாம், ஒரு ஆனி ஆடியில் நாராகிவிடும். உங்களுக்கு பிஸ்மார்க்கியா, மடகாஸ்கரின் வெள்ளிப் பனை. வெயிலும் வறண்ட மண்ணும் அதற்குச் சொர்க்கம், ஆனால் இடம் நிறைய வேண்டும். குலசேகரத்துக்காரர் இதைப் படித்துவிட்டு வாங்க வேண்டாம், உங்கள் ஈரத்துக்கு அது சரிவராது.

தக்கலை: அரேகா பாமும் கமுகும் ஒண்ணா?

இல்லை. கமுகுதான் உண்மையான அரேகா. நர்சரியில் அந்தப் பெயரில் விற்பது மடகாஸ்கரிலிருந்து வந்த வேறு ஜாதி. நிறத்துக்கு அரேகாதான் வேண்டுமென்றால் சுலவேசியின் அரேகா வெஸ்டியாரியா பாருங்கள், கழுத்து ஆரஞ்சு நிறம்.

கருங்கல்: ஆன்லைன்ல நீலப் பனை விதை...

வாங்காதீர்கள்.

அருமனை: அண்ணே, சேம்பெரோனியா குருத்து பிடிச்சு இழுத்ததும் கையோட வந்துட்டு. நாறுது.

குருத்தழுகல். தென்னையில் பார்த்திருப்பீர்கள், அதே பூஞ்சாணக் குடும்பம், மழைக்காலத்தில் குருத்துக்குள் நின்று தின்னும். அழுகினதைச் சுத்தமான கத்தியால் நல்ல வெள்ளைத் திசு தெரியும்வரை வெட்டி எடுங்கள், எரித்துவிடுங்கள், தோட்டத்தில் போடாதீர்கள். அப்புறம் போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும் சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மண்சட்டியோ பிளாஸ்டிக் வாளியோதான், இரும்பில் கூடவே கூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அடிக்குருத்துக்குள் வளரும் முனை தப்பியிருந்தால் மரம் பிழைக்கும். மற்ற மரங்களுக்கு மழைக்கு முன்பே ஒரு சதவீதப் போர்டோ கலவை தெளித்துவிடுங்கள், அதாவது ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர்.

திருவட்டாறு: கொலம்பியா மெழுகுப் பனை மாறாமலையில் வருமா?

1985இல் அந்த நாட்டின் தேசிய மரம் ஆனது, 60 மீட்டர் வரை போகும், ஆண்டிஸ் மலையில் 2000 மீட்டருக்கு மேல் பனிமூட்டத்தில் நிற்பது. நம்ம எஸ்டேட்கள் 1000 மீட்டரைத் தொடாதவை. உயரம் 1000 மீட்டர் கூடினால் ஆறேழு டிகிரிதான் குறையும், அதற்குத் தேவைப்படும் இரவுக் குளிர் இங்கே கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் தினமும் வேரில் ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தார். ஐஸ் தீர்ந்தது, கன்றும் தீர்ந்தது.

கீரிப்பாறை: எல்லாம் வெளிநாட்டுப் பனையே சொல்றீங்களே அண்ணே. நம்ம மலையில் வரைக்கமுகு இல்லையா? ரெண்டு கன்று எடுத்து வந்து வைக்கலாமா?

முதல் பாதிக்கு உங்களைக் கட்டிப்பிடிக்கலாம், இரண்டாம் பாதிக்குக் காதைத் திருகலாம். வரைக்கமுகு, பெண்டிங்கியா கொண்டபன்னா. சென்னை கவர்னராக இருந்து பிறகு கவர்னர் ஜெனரலான வில்லியம் பெண்டிங் பெயர் அதற்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. யானைக்கு அதன் குருத்து பிடிக்கும், அதனால் யானை ஏற முடியாத செங்குத்துப் பாறைகளில்தான் மிச்சம். யானைக்குத் தப்பியதை நீங்கள் மம்பட்டியோடு போய்ப் பிடுங்கவா? சரணாலயத்தில் செடி எடுப்பது குற்றம், அது ஒரு பக்கம். பாறை இடுக்கில் ஓடின வேரைப் பிய்த்து எடுத்தால் நூற்றில் ஒன்றுகூடப் பிழைக்காது, அது இன்னொரு பக்கம்.

பூதப்பாண்டி: அவர் கேட்டது நியாயம்தானே? காட்டில் விட்டா யானை தின்னும், விளையில் வச்சா பிழைக்கும்.

பிழைக்காது என்றுதானே சொன்னேன்.

கீரிப்பாறை: எங்க தாத்தா காலத்துல எடுத்து வச்ச மரம் ஒண்ணு எஸ்டேட்ல நிக்குதுண்ணே.

ஒன்று நிற்கிறது. செத்துப்போன கன்றுகளை யார் கணக்கெடுத்தது? தாத்தாவும் எடுத்தார், அப்பாவும் எடுத்தார், நீங்களும் எடுத்தால் பேரனுக்குப் பாறைதான் இருக்கும். அந்த எஸ்டேட் மரம் காய்த்தால் உடைமைக்காரரிடம் கேட்டு, உதிர்ந்த பழத்தைப் பொறுக்குங்கள். சதையை நீக்கி, காயவிடாமல், கழுவின தென்னை நார்த்தூளில் பாதி ஈரத்தில் ஜிப் கவரில் போட்டு நிழலில் வைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் இதே பெண்டிங்கியா பேரினத்தின் நிக்கோபார் இனத்தை நர்சரியில் கேளுங்கள், சமவெளியிலும் வளரும்.

பூதப்பாண்டி: நிக்கோபாரும் தீவுதானே, அதுவும் அபூர்வம்தானே?

அபூர்வம்தான். ஆனால் நர்சரியில் இருப்பது விதையில் வளர்த்தது, யாரும் மலையைச் சுரண்டவில்லை. இதோடு நிறுத்துவோம், எனக்கு நாளைக்கு ரப்பர் பால் வெட்டு இருக்கிறது.

இரணியல்: லிப்ஸ்டிக் பனை ஏன் சிவக்கலை?

மேலே நாகர்கோவில் பதில்.

குளச்சல்: வேரைக் கழுவிட்டு நடலாமா?

மேலே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள்.

அருமனை: பசை பூசிட்டேன் அண்ணே. மழை பெய்யுது, பிளாஸ்டிக் கவர் கட்டவா?

கட்டுங்கள், பசை கரையாமல் இருக்கும். ஆனால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து மறுபடி அழுகும், கொஞ்சம் தளர்வாக விடுங்கள். புதுக்குருத்து ஒரு விரல் நீளம் வந்ததும் எடுத்துவிடுங்கள். இழுத்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.