அரைப்பில் இருக்கிறது கறி: ஒரு தோவாளைக்காரியும் ஒரு குளச்சல்காரரும்

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு 51 வயது, வீட்டுக்காரருக்கு 56. நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம், வயலும் பிச்சிப்பூத் தோட்டமுமான ஊர். எங்கள் வீட்டு அடுப்பு சைவம். மீன் வாசல்படி ஏறினதில்லை. அவர் குளச்சல் கடற்கரையில் வளர்ந்தவர். அவர் வீட்டில் மீன் வாங்காத நாள் என்றால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம். கல்யாணமாகி 27 வருஷம் ஆகிறது. அதில் முதல் 11 வருஷம் அவர் துபாயில். ஆறு பேர் தங்கின அறையில் வெள்ளிக்கிழமைச் சமையல் அவர் முறை. ஊர் திரும்பினபோது பெட்டியில் போர்வையும் டார்ச் லைட்டும் வந்தன, கூடவே சமைக்கத் தெரிந்த ஒரு கையும் வந்தது. எல்லாவற்றையும் குக்கரில் போட்டு விசில் எண்ணும் பழக்கமும் வந்தது. அதை மாற்ற எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

இப்போது நாகர்கோவிலில் இருக்கிறோம். சமையல் எங்களுக்குத் தொழில் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் அடுக்களையில் நிற்போம், அதுதான் எங்கள் பொழுதுபோக்கு. சமையல் பற்றி வாசகர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவது நான். மீன் என்று வந்தால் பின்னாலிருந்து குரல் வரும், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு தங்கை: அக்கா, உள்ளித்தீயல் மூன்று தடவை வைத்துவிட்டேன். மூன்று தடவையும் கசப்பு. புளியா, வெந்தயமா?

இரண்டும் இல்லைம்மா, தீ. தேங்காயைப் பெரிய தீயில் வறுத்திருப்பீர்கள். மேலே கருகியிருக்கும், உள்ளே வெள்ளை அப்படியே இருக்கும். அந்தக் கருகல்தான் கசக்கிறது. அடி கனமான சட்டியில் சின்னத் தீ வைத்து, ஒரு மூடித் தேங்காய்த் துருவலை இருபது நிமிஷமாவது கை எடுக்காமல் வறுக்கணும். முதலில் ஈரம் போகும், பிறகு பொன்னிறம், பிறகு செம்மண் நிறம். அந்த நேரத்தில் மல்லி, வத்தல்மிளகாய், நாலு நல்லமிளகு (மிளகு), நாலைந்து வெந்தயம். காப்பிக்கொட்டை நிறம் வருவதற்குச் சற்று முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடுங்கள்; சட்டியின் சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அணைத்த சட்டியிலேயே விட்டுவிடாமல் தட்டில் கொட்டி ஆறவிடுங்கள்.

அரைக்கும்போது முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வறுத்த தேங்காய் தன் எண்ணெயிலேயே குழைந்து களிம்பு மாதிரி வரும், அதற்குப் பிறகு தண்ணீர். சின்ன உள்ளியை (சின்ன வெங்காயம்) தேங்காய் எண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீரில் வேகவிட்டு, அரைப்பைச் சேர்த்து, மேலே எண்ணெய் மிதக்கிறவரை சிறு தீ. மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

சென்னையிலிருந்து ஒருவர்: தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் மாவட்டத்து இலையில் ஏழெட்டு கறி இருக்கும், எல்லாவற்றிலும் தேங்காய். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது.

நான் எதற்குத் தவறாக நினைக்கணும்? இதே கேள்வியைக் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்காரர் என் அம்மாவிடமே கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அம்மியிலிருந்து நாலு அரைப்பை எடுத்து நாலு விரலில் தடவிவிட்டாள்.

விஷயம் அதுதான். பொருள் ஒன்று, பக்குவம் வேறு. துவரனுக்கு (உங்கள் பொரியல்) தேங்காயை அரைக்கவே கூடாது. ஜீரகம், பூண்டு, மிளகாயோடு ஒரே ஒரு சதைப்பு. விரலில் எடுத்தால் பூ பூவாக உதிரணும். அவியலுக்கு ஒன்றிரண்டாக, விரலில் நறநற என்று இருக்கணும். காய் மேல் ஒட்டுவது அந்த நறநறப்புதான். அதை நைஸாக அரைத்தீர்களென்றால் அவியல் கூழாகிவிடும். எரிசேரிக்கு அரைத்தது பாதி, தேங்காய் எண்ணெயில் சிவக்க வறுத்து மேலே போடுவது பாதி, ஆக ஒரே கறியில் இரண்டு தேங்காய். புளிசேரிக்கு வெண்ணெய் மாதிரி. மோர் ஊற்றின பிறகு கொதிக்க விடக்கூடாது, நுரை கட்டும்போது இறக்கிவிடணும். தீயலுக்கு வறுத்து, எண்ணெய் பிரிய. மீனுக்குப் பச்சைத் தேங்காயை மிளகாய், மல்லி, மஞ்சள், நாலு சின்ன உள்ளியோடு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்தால் ஒரு தரி (குருணை) கூடத் தட்டாத அளவுக்கு.

இதில் ஒன்றை மாற்றி அரைத்தால் கறியின் பெயரே மாறிப்போகும். காய் கொஞ்சம் முந்திப் பிந்தி வெந்தால் மன்னித்துவிடலாம், அரைப்பு பிழைத்தால் மன்னிப்பே கிடையாது. இனி இலையில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் தரியைத் தேடுங்கள், வித்தியாசம் தெரியும்.

அதே சென்னைக்காரர்: அப்படியானால் மிக்ஸி ஆகாதா?

ஆகும். துவரனுக்கும் அவியலுக்கும் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று, தண்ணீர் தெளிக்கிற அளவுக்குத்தான். மீனுக்கு நடுநடுவே நிறுத்துங்கள். ஜாடி சூடானால் அரைப்பின் வாசம் கெடும். நாங்களும் வாரநாளில் மிக்ஸிதான். ஞாயிற்றுக்கிழமை அம்மி, அவர் அரைப்பார்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மதினி: சாளைக்கறி (மத்தி மீன்) வைத்தால் மீன் உடைந்து முள்ளும் சதையுமாகப் போகிறது. குடம்புளி போடுவதா, சாதாரணப் புளியா என்றும் சொல்லுங்க.

மதினி, இதற்குப் பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது, அப்படியே எழுதுகிறேன்: "கரண்டிய எடுத்து வெளிய வைக்கச் சொல்லு பிள்ளே. கரண்டி போட்டாத்தான் சாளை உடையும்." அரைப்பும் புளியும் நன்றாகக் கொதித்த பிறகே மீனைப் போடணும், போட்டபின் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றணும், அவ்வளவுதான். சாளைக்கு ஏழெட்டு நிமிஷம் போதும். நெய்மீன் (வஞ்சிரம்) துண்டுக்கு வைக்கிற நேரத்தைச் சாளைக்குக் கொடுத்தால் அது கரையத்தான் செய்யும்.

இன்னொன்று, மீனே பழசாக இருந்தால் எந்த மந்திரமும் பலிக்காது. சாளைக்கு முதலில் விடுவது வயிறு. கண்ணைவிட வயிற்றைப் பாருங்கள் என்பது அவர் பாடம். அழுத்தினால் திரும்பி எழணும். கழுவுவதற்கு, உள்ளே சொரசொரப்பான மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசினால் செதிலும் வழுவழுப்பும் ஒருசேரப் போகும்.

புளிக்கு எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அவருக்கு மாங்காய் கிடைக்கும் காலத்தில் மாங்காய், இல்லாதபோது சாதாரணப் புளி. மேற்கே உங்கள் பக்கம் குடம்புளி வழக்கம் உண்டு. தேங்காய் அரைக்காமல் சிவக்க வைக்கிற கறிக்கு அதுதான் பொருத்தம், குறைந்தது இரண்டு நாள் தாங்கும். எதைப் போட்டாலும் அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். மண்சட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, இறக்கின பிறகும் கால் மணி நேரம் கறி தளதள என்று இருக்கும்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: ஜூனில் ஊருக்கு வருகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்குமா?

கிடைக்கும். நம் மாவட்டத்துக்கு மட்டும் இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிழக்குக் கடற்கரைத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டம் கிழக்குக் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் மேற்குக் கணக்கு. ஒரே மாவட்டத்தில் இரண்டு நாட்காட்டி. ஜூன் முதல் இரண்டு வாரம்தான் இரண்டு பக்கமும் விசைப்படகு நிற்கும். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. வள்ளத்தில் வரும் மீன் அளவில் குறைவு, விலை கூடுதல், ஆனால் அன்றே பிடித்தது. கையில் கிடைத்ததை வாங்கிக் குழம்பு வைக்கிற மனசோடு வாருங்கள்.

மதுரையிலிருந்து ஒரு அண்ணாச்சி: உள்ளதைச் சொல்லுங்கம்மா. இது தமிழ்ச் சமையலா, மலையாளச் சமையலா?

அண்ணாச்சி, 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தோம். அதற்கும் வெகு காலம் முன்னால் திருவிதாங்கூரின் தலைநகரே எங்கள் பத்மநாபபுரம்தான். அந்த அரண்மனைக்குப் போனால் இரண்டு நிலை ஊட்டுப்புரையைப் பாருங்கள், பெரிய பந்தி உட்கார்ந்து சாப்பிடுகிற கூடம். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய ஜாடிகளும் அங்கே நிற்கும். நான் அரண்மனை பார்க்கப் போனால் ஜாடிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன்.

எல்லை மாறியது காகிதத்தில். அடுப்பில் அவியலும் எரிசேரியும் முன்னைப்போலவே கொதித்தன, பக்கத்தில் சாம்பாரும் ரசமும் கொதித்தன. கல்யாணப் பந்தியில் பருப்பு, சாம்பார், ரசம், புளிசேரி வரிசையாக வந்து கடைசியில் பிரதமன் என்கிற பாயசம் வருமே, அதில் எது யாருடையது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு.

கோவையிலிருந்து ஒரு மாணவி: அம்மா, முந்திரிக்கொத்தில் முந்திரியே இல்லையே? என் தோழி கொண்டுவந்து கொடுத்து ஏமாற்றிவிட்டாள்.

ஏமாற்றவில்லை கண்ணு. முந்திரி என்றால் பழைய சொல்லில் திராட்சை. முந்திரிகை, கொடிமுந்திரி என்பார்கள். மூன்று உருண்டையைச் சேர்த்து மாவில் முக்கிப் பொரித்தால் திராட்சைக்கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், அதனால் அந்தப் பெயர். உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த சிறுபயறு, வறுத்த தேங்காய், எள், ஏலம், சுக்கு, வெல்லப்பாகு அல்லது கருப்பட்டிப்பாகு. மேலே மஞ்சள் சேர்த்த அரிசி மாவு.

வீட்டில் செய்து பார்க்கிறதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எண்ணெயில் கொத்து வெடிக்கிறதென்றால் உருண்டையில் ஈரம் இருக்கிறது அல்லது மேல்மாவு நீர்த்திருக்கிறது. தேங்காயில் ஈரம் துளிகூட இல்லாமல் வறுக்கணும், உருண்டையை ஒரு ராத்திரி காற்றாட வைத்துவிட்டு மறுநாள் பொரிக்கணும். முதல் தீபாவளிக்கு நாங்கள் அவசரப்பட்டு அன்றே பொரித்தோம். அடுக்களைச் சுவரில் அந்த எண்ணெய்த் தடம் வெள்ளையடிக்கிறவரை இருந்தது.

சேலத்திலிருந்து ஒருவர்: நீங்கள் மரச்சீனி என்கிறீர்களே, அது எங்கள் மரவள்ளிக்கிழங்குதானா? வேகவைக்கும்போது ஏன் தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள்?

அதேதான். திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் 1880களில் இதைப் பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது எங்கள் தாத்தா பாட்டி தலைமுறையைத் தாங்கினது இந்தக் கிழங்குதான். அதனால் இதை ஏழைச் சாப்பாடு என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கிழங்கில் இயற்கையாகவே ஒரு நச்சுத்தன்மை உண்டு, கசப்பு ரகத்தில் கூடுதல். உள்தோலையும் சேர்த்து உரித்து, சின்னத் துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடணும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் வைத்து வேகவைப்பது சரியில்லை. (பின்னாலிருந்து: "அதெல்லாம் அந்தக் காலம், இப்ப நான் வைக்கது இல்ல.") பிறகு தேங்காய், பச்சைமிளகாய், ஜீரகம் சதைத்துப் போட்டு மசித்தால் சாளைக்கறிக்கு அதைவிட ஜோடி கிடையாது.

தூத்துக்குடியிலிருந்து: மட்டிப்பழக் காயில் சிப்ஸ் போடலாமா?

அந்தப் பாவம் வேண்டாம். மட்டி எங்கள் ஊர் வாழைப்பழம், வாசத்துக்கு உள்ளது; 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பழுக்கவிட்டுச் சாப்பிடுங்கள். சிப்ஸுக்கு ஏத்தங்காய் (நேந்திரங்காய்). காயைச் சீவி நேரே தேங்காய் எண்ணெயில் போட்டு, பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி எண்ணெயிலேயே விடணும். சத்தம் கேட்டுப் பயப்படாதீர்கள், தள்ளி நின்றால் போதும்.

நெல்லையிலிருந்து ஒரு அக்கா: எங்க வீட்டில அவங்க அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறாங்க. சமையல் படிக்கணும்னு ஆசைப்படுறாங்க. எதிலிருந்து ஆரம்பிக்க? சண்டை வராம இருக்கணும்.

சண்டை வரும் அக்கா. எங்களுக்கு உப்பில் வரும். அதனால் உப்புப் போடுவது ஒரே ஆள் என்று பிரித்துக்கொண்டோம். மீனுக்கு அவர், மற்றதுக்கு நான். அடுத்தவர் ருசி பார்க்கலாம், கை வைக்கக்கூடாது.

முதல் வாரம் அடுப்பையே காட்டாதீர்கள். தேங்காயைத் திருவக் கொடுங்கள். வெள்ளை முடிந்து சிரட்டையின் கறுப்பு விழுகிற இடத்தில் கை தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பயத்தங்காய் (காராமணிக்காய்) துவரன் வைக்கச் சொல்லுங்கள். அரைப்பு ஒரு சதைப்புதான், காய் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும், பிழைத்தாலும் சோற்றில் பிசைந்து தின்றுவிடலாம். எங்க வீட்டுக்காரர் இங்கே ஒன்று சேர்க்கச் சொல்கிறார்: "முதல் நாள் கறி நல்லா இல்லாட்டியும் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கித் திங்கச் சொல்லு."