இணையவழி அறிவியல் திட்டங்களில் யாருக்கு என்ன பொறுப்பு? கேள்வி பதில்

பறவைப் பதிவு, பூச்சிப் படம், விண்மீன் மண்டலம் என்று பொதுமக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து உழைக்கும் இணையத் திட்டங்களில் பல வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். பங்கேற்பாளர், க்யூரேட்டர், மட்டுறுத்துநர் என்ற பெயர்களைப் பார்த்துக் குழம்பியவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, நேற்றுதான் சேர்ந்தேன். அறிவியல் பட்டம் எதுவும் இல்லை. வெறும் பங்கேற்பாளர் சொல்வதற்கு மதிப்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. 2007இல் கேலக்ஸி சூ என்ற இணையத் திட்டம் தொடங்கியபோது ஏறத்தாழ 9 லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்கள் குவிந்து கிடந்தன. சுருள் வடிவமா, நீள்வட்டமா என்று பார்த்துச் சொல்ல ஆள் போதவில்லை. முதல் ஆண்டிலேயே பொதுமக்கள் 5 கோடிக்கு மேல் வகைப்படுத்திக் கொடுத்தார்கள். ஒரே படத்தைப் பலர் தனித்தனியாகப் பார்ப்பதால் ஒருவருடைய தவறு மற்றவர்களின் பதிலில் கரைந்துவிடும். அதனால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தயங்காதீர்கள்.

அந்தத் திட்டத்தில்தான் ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஐசி 2497 என்ற மண்டலத்துக்கு அருகே ஒரு நீலத் திட்டைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். ஆய்வாளர்களுக்கும் தெரியவில்லை. பிறகுதான், அடங்கிப்போன ஒரு குவேசாரின் (விண்மீன் மண்டலத்தின் மையத்தில் மிகப் பிரகாசமாக ஒளிரும் பகுதி) பழைய ஒளி பட்டு மின்னும் வாயு மேகம் அது என்று விளக்கினார்கள். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

உயிரினப் படங்களைப் பதிவிட்டுப் பெயர் கண்டறியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் என் பூச்சிப் படத்துக்கு க்யூரேட்டர் ஒருவர் வேறு பெயர் சொல்கிறார். அவர் சொன்னால் அதுதான் முடிவா?

இல்லை. நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. க்யூரேட்டரின் வேலை உயிரினப் பெயர்ப் பட்டியலைச் சீராக வைத்திருப்பது, புகார் வந்த பதிவுகளைக் கவனிப்பது. ஒரு படத்துக்குப் பெயர் சொல்லும்போது அவருக்கும் உங்களுக்கும் ஒரே எடைதான்.

பதிவு 'ஆய்வுத் தரம்' பெற நாள், இடம், படம் அல்லது ஒலி இருக்க வேண்டும். அது வளர்ப்பு உயிரினமாக இருக்கக்கூடாது. பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஒத்துப்போக வேண்டும். கவனியுங்கள், 'மேற்பட்டோர்'. இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்றால் சரியாக மூன்றில் இரண்டு, அது போதாது. இன்னொருவர் வர வேண்டும்.

ஆனால் கருத்து மாறுபட்டால் எந்த உறுப்பைப் பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஆசையாக விளக்குவார்கள். மரியாதைக்காக மட்டும் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தாதீர்கள். ஆரம்பத்தில் நான் அப்படித்தான் செய்தேன். ஒரு வண்டின் படத்துக்கு அனுபவசாலி ஒருவர் சொன்ன பெயரை அப்படியே ஏற்றேன். பிறகு அவரே தன் தவறைத் திருத்திக்கொண்டார். என் ஓட்டு மட்டும் பழைய பெயரிலேயே நின்று, அந்தப் பதிவை மாதக்கணக்கில் தடுத்து வைத்திருந்தது. இன்றும் அது உறுத்துகிறது.

மேடம், பறவைகளைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் தளத்தில் என் பதிவை ஒரு சரிபார்ப்பாளர் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். என்னை நம்பவில்லையா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும், ஆண்டின் அந்தந்தக் காலத்துக்கும், ஒரு பறவை எத்தனை தென்படலாம் என்ற வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கணினியே குறித்துவிடும். அதைப் பார்ப்பவரும் உங்களைப் போன்ற தன்னார்வலர்தான். அலகு, அளவு, தூரம், வெளிச்சம் என்று பார்த்ததை எழுதி அனுப்புங்கள், படம் இருந்தால் சேருங்கள். அவர் ஏற்காவிட்டாலும் பதிவு உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும். பொது வரைபடத்துக்குத்தான் போகாது.

மட்டுறுத்துநர் என்பவர் யார்?

பேச்சு நாகரிகமாக நடக்கப் பார்த்துக்கொள்பவர். அறிவியல் தீர்ப்பு அவர் வேலை அல்ல. பல அறிவியல் திட்டங்கள் ஒன்றாக இயங்கும் சூனிவர்ஸ் போன்ற தளங்களில் ஒவ்வொரு திட்டமும் தனக்கென்று மட்டுறுத்துநர், சோதனையாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லாரையும் அமர்த்திக்கொள்ளலாம்.

அரிய ஆமை ஒன்றைப் பதிவிட்டேன். திட்ட நிர்வாகிக்குச் சரியான இடம் தெரியுமா? பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. வேட்டைக்காரர்களும் வரைபடம் பார்ப்பார்கள். ஐநேச்சுரலிஸ்டில் அழியும் நிலையில் உள்ள இனம் என்று குறிக்கப்பட்டவற்றின் இடம் தானாகவே மங்கலாக்கப்படும். நிர்வாகி என்பதாலேயே சரியான புள்ளி அவருக்குத் தெரியாது. நீங்கள் அனுமதித்தால்தான் தெரியும். அப்புறம், உங்கள் இனம் அப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே இடத்தை மறைக்கலாம். படத்தின் விவரக் குறிப்பில் ஊர்ப்பெயரை எழுதிவிடாதீர்கள்.

கட்டுரை வெளியானால் எங்கள் பெயர் வருமா?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். புரத மடிப்பு விளையாட்டான ஃபோல்டிட் பற்றி 2010இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, 57,000க்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களின் பங்கைச் சொல்லியது. எல்லா இடத்திலும் இந்தப் பெருந்தன்மை இருக்காது. இன்று பல இதழ்கள் தரவு சேகரிப்பு, மென்பொருள், எழுத்து என்று 14 வகைப் பங்களிப்புகளைப் பிரித்துக் குறிக்கும் முறையைப் பின்பற்றுகின்றன. என்னைக் கேட்டால், தன்னார்வலர் பெயர் எங்கே, எப்படி வரும் என்பதைத் திட்டம் முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். எழுதியிருக்காவிட்டால், வேலையைத் தொடங்கும் முன்பே ஆய்வாளரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.