ஆண் கினிப்பன்றி: ஆபரேஷனும் ஜோடியும் – கேள்வி பதில்

காப்பகத்திலிருந்து ஆண் கினிப்பன்றியைத் தத்தெடுக்க நினைப்பவர்களும், ஏற்கெனவே எடுத்து வந்து முழிப்பவர்களும் கேட்டவை.

கேள்வி: அக்கா, தத்தெடுத்த அண்ணன் தம்பி இருவருக்கும் எட்டு மாதம். திடீரென்று ஓயாத சண்டை. கருத்தடை ஆபரேஷன் செய்தால் அடங்குவார்களா?

பதில்: மாட்டார்கள். காயடித்த காளை மாதிரி சாதுவாகிவிடும் என்று நம்பித்தான் பலர் டாக்டரிடம் ஓடுகிறார்கள். கினிப்பன்றியிடம் அந்தக் கணக்கு செல்லாது. ஆபரேஷனுக்குப் பிறகும் உறுமும், துரத்தும், மேலே ஏறும். குட்டி பிறக்காது, அவ்வளவுதான். ஏறக்குறைய நான்கு மாதத்திலிருந்து பதினான்கு மாதம் வரை விடலைப் பருவம். உங்கள் பையன்கள் அதன் நட்டநடுவில் இருக்கிறார்கள். முதலில் கூண்டைப் பாருங்கள். இடம் போதுமா? தண்ணீர் பாட்டில், உலர்புல் குவியல், ஒளியும் வீடு எல்லாம் இரண்டிரண்டாக, தள்ளித் தள்ளி இருக்கிறதா? ஒரே வாசல் உள்ள வீட்டைத் தூக்கிப் போடுங்கள். ஒருவன் உள்ளே மாட்டிக்கொள்ள, மற்றவன் வாசலை மறித்து நின்றால் கடி நிச்சயம். பக்கத்திலேயே பெண் கினிப்பன்றி இருந்தால் அந்த வாசனையே போதும், இருவரும் முட்டிக்கொள்ள.

கேள்வி: எது விளையாட்டு, எது நிஜச் சண்டை?

பதில்: இடுப்பை ஆட்டி உறுமிக்கொண்டு நடப்பது, பின்னால் மோப்பம் பிடிப்பது, ஏறுவது, கொஞ்சம் துரத்துவது எல்லாம் யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ளும் வழி. விட்டுவிடுங்கள். பிடரி மயிர் சிலிர்த்து, தலையைத் தூக்கி, பற்களைக் கடகடவென்று அடித்தபடி நேருக்கு நேர் நின்றால் கவனம் தேவை. இரண்டும் ஒன்றையொன்று கவ்வி உருண்டால், ரத்தம் வந்தால், உடனே பிரித்துவிடுங்கள். வெறுங்கையை மட்டும் நடுவில் விடாதீர்கள். தடித்த துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஆபரேஷன் யாருக்குத்தான் வேண்டும்?

பதில்: பெண்ணோடு வாழப்போகிற ஆணுக்கு. கருத்தடை செய்த ஓர் ஆண், கூட ஒன்றிரண்டு பெண்கள்: என்னைக் கேட்டால் இதைவிட நிம்மதியான குடும்பம் கிடையாது. ஆபரேஷன் முடிந்ததும் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். குழாய்களில் தங்கியிருக்கும் விந்தணுக்களால் அதற்குள் சினை பிடிக்கலாம். "ஒரு நாள்தானே" என்று முன்னதாகச் சேர்த்துவிடாதீர்கள். ஏழெட்டு மாதத்துக்குமேல் ஆகியும் ஒருமுறைகூடக் குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகியிருக்கலாம். முதல் பிரசவமே உயிருக்கு உலை வைக்கும்.

கேள்வி: எத்தனை நாளில் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும்?

பதில்: மூன்று வாரத்தில். அதன்பின் தாயோ தங்கையோ என்று பார்க்காது.

கேள்வி: ஆபரேஷனுக்கு முந்தைய இரவு பட்டினி போட வேண்டுமா?

பதில்: கூடவே கூடாது! கினிப்பன்றியால் வாந்தி எடுக்க முடியாது; குடல் நின்றுபோவதுதான் அதற்குப் பெரிய ஆபத்து. டாக்டர் பட்டினி போடச் சொன்னால், இந்தப் பிராணியில் அவருக்கு எவ்வளவு பழக்கம் என்று பக்குவமாகக் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: "தொடையிடுக்கு வழியை மூடித் தையல் போடுவீர்களா?" வயிற்றிலிருந்து விதைப்பைக்குப் போகும் அந்த வழி இவற்றுக்குத் திறந்தே இருக்கும், மூடாவிட்டால் குடல் இறங்கிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் மரத்தூள் வேண்டாம், சுத்தமான துணி விரித்து அடிக்கடி மாற்றுங்கள். காயம் தரையில் உரசிக்கொண்டே இருப்பதால் சீழ்க்கட்டி சகஜம். காலையும் மாலையும் புரட்டிப் பாருங்கள், சமையலறைத் தராசில் தினமும் எடை போடுங்கள். அரை நாளாக வாய் வைக்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கேள்வி: இரண்டு ஆண்களை எப்படி அறிமுகப்படுத்துவது? வீட்டில் ஒருவன் இருக்கிறான், காப்பகத்தில் ஒருவனைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

பதில்: படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல காப்பகங்களில் உங்களுடையவனைக் கொண்டுபோய்ப் பழக்கிப் பார்க்க விடுவார்கள், அவனே தேர்ந்தெடுக்கட்டும். அடாவடிக்காரனுக்கு அமைதியானவன்தான் தோது. இரண்டு அடாவடிகள் சேர்ந்தால் தேறாது. நேரே வீட்டுக்குக் கொண்டுவருவதென்றால் முதலில் இரண்டு வாரமாவது தனி அறையில் வைத்து நோய் நொடி பாருங்கள். பிறகு இருவருக்கும் பழக்கமில்லாத விசாலமான தரையில், நடுவில் பெரிய உலர்புல் குவியல் போட்டு, வீடு எதுவும் வைக்காமல் விடுங்கள். கூடவே உட்கார்ந்திருங்கள். சின்ன உரசலுக்கெல்லாம் தூக்கிவிட்டால் அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரே குவியலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று புல் தின்ன ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. கூண்டைக் கழுவி, பழைய வாசனை போன பிறகே உள்ளே விடுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்கள் ஒன்றாக?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் ஒருவன் ஒதுக்கப்படுவான்.

கேள்வி: துணைக்கு முயல்?

பதில்: ஓர் உதையில் எலும்பு முறியும். முயலுக்கு ஒன்றும் செய்யாத போர்டெட்டெல்லா கிருமி கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொடுக்கும். உணவுத் தேவையும் வேறு: கினிப்பன்றிக்கு வைட்டமின் சி வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

கேள்வி: என் கிழவனுக்கு ஐந்து வயது. கூட்டாளி இறந்த பிறகு மூலையிலேயே கிடக்கிறான். இந்த வயதில் ஆபரேஷன் செய்து பெண் ஜோடி பார்க்கலாமா?

பதில்: நான் செய்யமாட்டேன். மயக்க மருந்து இந்த வயதில் கூடுதல் ஆபத்து, அதன்மேல் ஆறு வாரத் தனிமை. முதலில் டாக்டரிடம் காட்டி, பல், எடை, மூட்டு பார்த்துவிடுங்கள். துக்கம் என்று நாம் நினைப்பது சில சமயம் வலியாக இருக்கும். எல்லாம் சரியென்றால் இரண்டு மூன்று மாத ஆண் குட்டியையோ, அவன் வயதுக்கு ஒத்த சாதுவான ஆணையோ காப்பகத்தில் கேளுங்கள். குட்டி என்றால், அது விடலை ஆனதும் கிழவனைச் சீண்டிப் பார்க்கும். அப்போது நடுவில் தடுப்புக் கம்பி வைக்க இடம் இருக்கும்படி இப்போதே கூண்டைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.