கப்பல் பினாங்கில் நிற்கிறது: ஊரைச் சுற்றுவதா, மலைக்குப் போவதா?

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, கிள்ளான், புக்கெட் என்று போய்த் திரும்பும் சொகுசுக் கப்பல் பயணத்தைப் பற்றித்தான் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம். அந்தப் பாதையில் பலமுறை போய் வந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கப்பல் பினாங்கில் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை நிற்கும். பினாங்கு மலை, கெக் லோக் சி பௌத்தக் கோயில் சுற்றுலாவைக் கப்பலிலேயே விற்கிறார்கள். எடுக்கலாமா? (சென்னை வாசகி)

முதலில் மணியைக் கணக்குப் பண்ணுங்கள். 9 முதல் 6 வரை என்றால் ஒன்பது மணி நேரம் கிடைக்காது. எல்லாரும் வரிசையில் நின்று இறங்கிக் குடிநுழைவுச் சோதனையைத் தாண்ட 10 ஆகிவிடும். மாலை 5 மணிக்கெல்லாம் கப்பலுக்குள் இருக்கச் சொல்வார்கள். ஆக, கையில் இருப்பது ஏழு மணி நேரம். மலை ரயில் கிளம்பும் ஆயர் ஈத்தாமுக்கு அரை மணி, அங்கே வரிசை, மேலே ஒரு மணி நேரம், இறங்கிக் கெக் லோக் சி, மதியச் சாப்பாடு, திரும்பி வர அரை மணி. நாள் முடிந்துவிடும்.

மலை நன்றாகத்தான் இருக்கும். 1923இல் தொடங்கிய ரயில், 800 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்ந்த காற்று. ஆனால் நீங்கள் விட்டுப்போவது எதை என்று பாருங்கள். பல ஊர்களில் கப்பல் எங்கோ சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கும். ஊருக்குள் வரவே ஒரு மணி நேரம் பிடிக்கும். பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையின் வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் வந்த பழைய நகரம் அது. முதல் முறை வருகிறீர்கள் என்றால் என் பதில் ஊர்தான். மலையை அடுத்த முறைக்கு வையுங்கள்.

சரி, ஊர்தான் என்றால் எந்த வழியாக நடப்பது? (கோயம்புத்தூர்)

துறையை விட்டு வெளியே வந்ததும் எதிரே மணிக்கூண்டு. விக்டோரியா ராணி பட்டமேறி 60 ஆண்டு ஆனதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்துக்குக் கட்டியது. கொஞ்சம் சாய்ந்து நிற்கும். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளால் வந்த சாய்வு என்று சொல்வார்கள். அதை ஒட்டிக் கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786இல் வந்திறங்கிய இடம். வெயில் ஏறும் முன் அரை மணி அங்கே போதும்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. குவீன் தெருவில் மகா மாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. பெரும்பாலான கோயில்களைப் போல உச்சிப் பொழுதில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே இங்கே வந்துவிடுங்கள். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பெரிய சாலைக்குப் போங்கள். ஒரு முனையில் 1818ஆம் ஆண்டின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கொஞ்சம் தள்ளிச் சீனர்களின் கருணை தேவி கோயில், அடுத்து நம் மாரியம்மன், அதற்கும் அப்பால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இந்தப் பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. நான்கு மதத்தின் வழிபாட்டிடங்களும் ஒரே சாலையில். கருணை தேவி கோயில் வாசலில் ஆள் உயர ஊதுவத்திகள் எரிந்துகொண்டிருக்கும். அந்தப் புகை மணம் மாறி மல்லிகை மணம் வருகிறது என்றால் லிட்டில் இந்தியாவின் பூக்கடைப் பக்கம் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த நூறு, இருநூறு அடிக்காகவே நான் திரும்பத் திரும்ப இந்த ஊருக்குப் போகிறேன்.

அப்புறம் ஆர்மீனியன் தெரு. 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த, சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் சுவரோவியம் இங்கேதான். படம் எடுக்க வரிசை நிற்கும்; எனக்கு அந்த வரிசையில் நிற்கப் பொறுமை இல்லை. நேரே கடற்கரைக்குப் போய், கடல்மேல் மரக்கால் நட்டுக் கட்டிய சியூ என்ற சீனக் குலத்தாரின் வீடுகளைப் பாருங்கள். இன்னும் குடும்பங்கள் வசிக்கும் இடம், வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.

அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அவருக்கும் ஊர்தானா? (மதுரை)

இல்லை. உங்களுக்கு நான் மலையைத்தான் சொல்வேன். ஜார்ஜ் டவுனில் கடைகளுக்கு முன்னால் ஓடும் தாழ்வாரம் ஒரே மட்டமாக இருக்காது. ஒரு கடை முன் ஏற்றம், அடுத்த கடை முன் இறக்கம், நடுவில் நிறுத்திய மோட்டார் சைக்கிள். வலிக்கிற முழங்காலுக்கு அது பெரிய சோதனை. மலை ரயிலில் உட்கார்ந்தே மேலே போகலாம், வெக்கையும் குறைவு. வரிசையில் நிற்காமல் ஏற விரைவு வரிசைச் சீட்டு உண்டு. விலை கூடுதல்தான், அம்மாவுக்காக வாங்கிவிடுங்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் கட்டாயம் வாங்குங்கள். திரும்பியதும் திரிஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டி ரிக்‌ஷாவில் அம்மாவை உட்கார வைத்து மாரியம்மன் கோயில் வரை போய் வாருங்கள். ஏறும் முன்பே வாடகையைப் பேசி முடித்துவிட வேண்டும்.

பினாங்குத் தண்ணீர்மலை முருகனைப் பார்க்காமல் வர மனசில்லை ஐயா. (காரைக்குடி)

தாராளமாகப் போகலாம். காரில் இருபது நிமிடம்தான். 513 படி ஏற வேண்டும் என்பதால் இறங்கியதும் முதல் வேலையாக அங்கே போங்கள். ஊரைப் பிறகு சுற்றலாம்.

கிள்ளானிலும் இதே போல ஊரைச் சுற்றலாமா, கோலாலம்பூர் போவதா? (பெங்களூரு)

இங்கே கதை தலைகீழ். கப்பல் நிற்பது புலாவ் இண்டா தீவில். வாசலுக்கு வெளியே நடந்து பார்க்க எதுவும் கிடையாது. அதனால் வெளியூர்ப் பயணம்தான். ஆனால் கோலாலம்பூருக்குச் சாலையில் ஒரு மணிக்கு மேல், நெரிசலில் சிக்கினால் இரண்டு மணி. பத்துமலை, இரட்டைக் கோபுரம், கடைத்தெரு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் காரில் உட்கார்ந்ததுதான் மிஞ்சும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்துமலை என்றால் 272 படியும் 140 அடி முருகனும் காலை வேளையில். கோபுரத்தின் மேல்தளம் திங்கட்கிழமை மூடியிருக்கும், கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக நிற்கிறது என்றால் தலைநகரை மறந்துவிட்டுக் கிள்ளான் நகரத்தின் லிட்டில் இந்தியாவுக்குப் போய் வாருங்கள். போகும் காரையே திரும்பி வரவும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலா விலை அதிகமாகத் தெரிகிறது. நாமே போனால் என்ன? (திருச்சி)

அவர்கள் ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைக்குக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். அந்தக் கூடுதல் பணம் இதற்குத்தான். பினாங்கு ஊருக்குள் இந்தக் காப்பு தேவையே இல்லை, நடந்தே திரும்பிவிடலாம். கோலாலம்பூருக்கு நான் பணம் கொடுத்துவிடுவேன்.

புக்கெட்டில் பீபீ தீவு போய் வர நேரம் இருக்குமா? (சிங்கப்பூர்)

பெரும்பாலும் கப்பல் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகில் ஏறித்தான் கரைக்கு வர வேண்டும். போக வர இரண்டு தடவையும் காத்திருப்பு. பீபீ போகும் படகுகள் தீவின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பும். கப்பல் இரவு தங்கினால் ஒழிய நான் போகமாட்டேன். மலையைத் தாண்டிப் புக்கெட் பழைய நகரத்துக்குப் போய், தலாங் சாலையின் பழைய சீனக் கடைவீடுகளைப் பார்த்து வருவேன்.

ஒரு முக்கியமான விஷயம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பலின் கடிகாரம் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், கைப்பேசியோ கரை ஏறியதும் தானாக மாறிக்கொள்ளும். நான் ஒருமுறை கைப்பேசியில் 3.20 என்று பார்த்துவிட்டு நிதானமாக இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கப்பலில் மணி 4.20, கடைசிப் படகு 4.30க்கு. அன்று ஓடிய ஓட்டம் இன்னும் மறக்கவில்லை. இறங்கும்போதே சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் கப்பல் பினாங்குக்கு மதியம் 2 மணிக்கு வந்து இரவு 9க்குக் கிளம்புகிறது. என்ன செய்ய? (ஈரோடு)

யோசிக்கவே வேண்டாம், ஊர்தான். 4 மணிக்கு மேல் இறங்கினால் வெயில் தணிந்திருக்கும், மாலை நடை திறக்கும் நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்விடலாம். இரவுச் சாப்பாட்டுக்கு நாசி காண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தடி வைத்து இரு பக்கமும் சோறும் குழம்பும் சுமந்து விற்ற காலத்தில் வந்த பெயர். கடையில் ‘பஞ்சிர்’ என்று சொல்லுங்கள். மலாயில் வெள்ளம் என்று பொருள். மீன், கோழி, கறி என்று எல்லாக் குழம்பையும் கலந்து சோறு முங்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். சைவம் என்றால் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். ஏழரை மணிக்குச் சாப்பிட்டு எழுந்தாலும் கப்பலுக்குப் பத்து, பதினைந்து நிமிட நடைதான். கடைசியாக ஏற வேண்டிய நேரத்தை மட்டும் கப்பலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.