கார்டு கொதிக்கிறது, லிக்விட் கூலிங் போடலாமா?

கேள்வி: என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. இரவு முழுக்க பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் (காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) ஓடும். கோர் (கார்டின் முக்கிய சிப்) 78 டிகிரி, மெமரி 104 டிகிரி காட்டுகிறது. ஃபேன் இரைச்சலில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. லிக்விட் கூலிங்குக்கு மாறிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 78 பரவாயில்லை, என்னை உறுத்துவது அந்த 104தான். இந்தக் கார்டின் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராசஸருக்கான லிக்விட் கூலரை பிராக்கெட் வைத்து கார்டில் மாட்டும் கிட்கள் பெரும்பாலும் நடுவிலுள்ள சிப்பை மட்டுமே தொடும். கோர் சட்டென்று குளிர்ந்துவிடும், மெமரி அப்படியே தவிக்கும். லிக்விட்தான் என்றால், மெமரியையும் சேர்த்து மூடும் ஃபுல் கவர் பிளாக்தான் (உள்ளே திரவம் ஓடும் உலோகத் தகடு) உங்களுக்குச் சரி. அதுவும் உங்கள் கார்டின் போர்டு மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ‘3080’ என்று மட்டும் பார்த்து வாங்கினால் திருகு ஓட்டைகூடச் சேராமல் போகலாம்.

அதற்கு முன் ஒரு சோதனை. கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே ரெண்டரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் குறை கார்டில் இல்லை, கேபினட் காற்றோட்டத்தில். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன் போடுங்கள், தூசி வடிகட்டியைக் கழுவுங்கள்.

அடுத்து, ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை (மின்சார உச்சவரம்பை) 85 சதவீதமாக்குங்கள். 320 வாட் 272 ஆகிவிடும். ரெண்டர் முடிய சற்றே கூடுதல் நேரம் பிடிக்கும், ஃபேன் இரைச்சல் அதைவிட அதிகமாகக் குறையும். அறைக்குள் வரும் சூடும் இதனால்தான் குறையும். லிக்விட் கூலிங்கில் அது குறையாது. அதே வாட், திரவத்தின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் வழியே அறைக்குள்தான் வரும். இதற்குப் பிறகும் மெமரி இறங்காவிட்டால் தெர்மல் பேடுகளை (மெமரியின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் மெத்தைகள்) மாற்றலாம், வாரன்டி நிபந்தனையைப் படித்துவிட்டு. பேடின் தடிமன் முக்கியம்: கூடிப்போனால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது.

450 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வைத்திருந்தாலோ, இரண்டு கார்டுகளை ஒட்டி மாட்டியிருந்தாலோ நானே லிக்விட்டைச் சொல்லியிருப்பேன். 2015-இல் ஏஎம்டி தன் ஃபியூரி எக்ஸ் கார்டை ரேடியேட்டரோடுதான் விற்றது. அப்படித் தொழிற்சாலையிலேயே பொருத்தி வருவதை நம்பி வாங்கலாம். மாட்டும்போது மட்டும் ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். பம்ப் மேலே போனால் உள்ளிருக்கும் காற்று அதில் சேர்ந்து, கடகடவென்று சத்தம் போட்டு, சீக்கிரமே பழுதாகும்.