பாலையில் ஊறும் நீர்: கேள்வி-பதில்

ஆஸ்திரேலியப் பாலை ஊற்றுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

தெற்கு ஆஸ்திரேலியாவின் ஏர் (Eyre) ஏரிப் பக்கம் ஆண்டுக்கு ஐந்தாறு அங்குல மழைதான். ஊற்று மட்டும் வற்றாமல் வருவது எப்படி?

அங்கே ஊறுவது அந்த ஊர் மழை அல்ல. பெரும்பகுதி நீர் கிழக்கே, கிரேட் டிவைடிங் மலைத்தொடரின் ஓரத்தில் பெய்து மணற்கல்லுக்குள் இறங்கியது. மேலே நீர் புகாத பாறை மூடியிருக்க, ஆண்டுக்குச் சில மீட்டர் வீதம் ஊர்ந்து வருகிறது. சில இடங்களில் அந்த நீரின் வயது பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். இந்த நிலத்தடி நீர்ப்படுகைக்கு கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்று பெயர். அதன் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் பாதி. பாறை விரிசல் விட்ட இடத்தில் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது, பம்ப் வேண்டாம். நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியிலிருந்து முட்டும் நீரும் இதே வகைதான்.

ஊற்று பள்ளத்தில்தானே இருக்கும்? படங்களில் மேட்டின் உச்சியில் இருக்கிறதே!

மேட்டைக் கட்டியதே ஊற்றுதான். நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு வெளியே படிய, காற்றடித்த மணல் அதில் ஒட்ட, மேடு வளர்கிறது. அரபனா என்னும் பழங்குடி மக்களின் நிலத்தில் உள்ள ‘பப்ளர்’ ஊற்றின் விளிம்பில் சற்று நேரம் நின்று பாருங்கள். அடியில் சாம்பல் நிற மணல் மெல்ல உப்பும், வட்டமாக விரியும், பிறகு அடங்கும். கஞ்சி கொதிப்பதைப் போலவே இருக்கும். வழிந்த நீர் கோரைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஓடி, உப்புத்தரையில் காணாமல் போகிறது.

பாலைவனக் குளத்தில் மீன் எப்படி? யாராவது கொண்டுவந்து விட்டார்களா?

நல்ல மீன்களை யாரும் விடவில்லை. ஒரு காலத்தில் அங்கே ஆறும் ஏரியும் இருந்தன. நிலம் காய்ந்தபோது ஊற்றுகளில் ஒதுங்கியவை தனித்தனி இனங்களாகிவிட்டன. தெற்கு ஆஸ்திரேலியாவின் டல்ஹௌசி ஊற்றுகளின் கெளுத்தி உலகில் வேறெங்கும் கிடையாது. குயின்ஸ்லாந்தின் எட்ஜ்பாஸ்டனில் செந்துடுப்பு நீலக்கண் மீன் 1990-இல்தான் கண்ணில் பட்டது. மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். வாழ்வதோ கணுக்கால்கூட நனையாத நீரில்.

கெட்ட மீனை மனிதர்தான் விட்டார்கள். கொசு ஒழிப்புக்கென்று நம் ஊர்க் கிணறுகளில் விடுகிறோமே, அதே கம்பூசியா. வெள்ளம் வரும்போது ஒரு ஊற்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, நீலக்கண் மீனைத் துடைத்தெடுத்துவிடுகிறது. அதனால் கம்பூசியா எட்டாத ஊற்றுகளாகப் பார்த்து நீலக்கண் மீன்களைக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

மாடுகள் ஊற்றுகளை மிதித்துச் சேறாக்குகின்றனவாமே. வேலி போட்டால் தீர்ந்ததா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். வேலி போட்ட சில ஊற்றுகளில் மேய ஆளில்லாமல் நாணல் ஆளுயரம் வளர்ந்து திறந்த நீரையே மூடிவிட்டது. அரிசி மணி அளவுகூட இல்லாத நத்தைகள், தரையோடு தரையாக வளரும் சிறு பூண்டுகள் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் வேண்டும். ஊற்றுக்கு ஊற்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணறுகளை மூடினால் வற்றிய ஊற்று திரும்புமா?

நீர் திரும்பலாம். 1878-இல் நியூ சவுத் வேல்ஸில் முதல் கிணறு தோண்டினார்கள். பிறகு தோண்டிய ஆயிரக்கணக்கானவற்றில் பல, இரவும் பகலும் திறந்த வாய்க்காலில் ஓடின. மாடு குடித்தது கொஞ்சம், ஆவியானதும் மண்ணில் இறங்கியதும்தான் அதிகம். அடியில் அழுத்தம் குறைய, பல ஊற்றுகள் வற்றின. 1999-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிணறுகளுக்கு அடைப்பான் போட்டு, வாய்க்காலுக்குப் பதில் குழாய் பதித்தார்கள். சில பகுதிகளில் அழுத்தம் ஏறியிருக்கிறது. ஆனால் ஒரே ஊற்றில் மட்டும் வாழ்ந்த நத்தை, அந்த ஊற்று ஒரு கோடை வற்றினாலே போதும், முடிந்தது. அதற்கு அடைப்பான் கிடையாது.

டல்ஹௌசியில் குளிக்கலாமா?

பெரிய குளத்தில் தாராளமாக. நீர் இளஞ்சூடாக இருக்கும். சோப்பு வேண்டாம். காலைக் கடிப்பது மீன் குஞ்சுகள்தான், பயப்படாதீர்கள்.